கேட்டு வாங்கியவள்

அவளுக்குத் தாழ்ந்த குரலில் பேச வராது. இரகசியம் சொல்ல வந்தால்கூட அடுத்த லயத்து வீட்டு வரிசையில் படுத்திருக்கிற நாய் எழுந்து நின்று பார்க்கும். "மெதுவா பேசேன்டி" என்றால், "ஏன், யாரு வீட்டுல திருடிட்டு வந்தேன்?" என்பாள்.

எதையும் கேட்டு வாங்குவாள். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில், ஈரத்துக்கு என்று சொல்லி எடையில் கொஞ்சம் கழிப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். நாங்கள் எல்லோரும் அதை மழையோடு சேர்த்துப் பொறுத்துக்கொண்டோம். அவள் ஒருநாள் நல்ல வெயிலில் தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "எந்த ஈரத்துக்குங்க ஐயா கழிக்கிறீங்க? என் வேர்வைக்கா?" என்று கணக்கப்பிள்ளையைக் கேட்டாள். பின்னால் வரிசையில் நின்ற நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். கணக்கப்பிள்ளை அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முழு எடையைச் சொன்னார். அவளுக்கு மட்டும்தான் சொன்னார். எங்களுக்குக் கழித்தார். "நீங்களும் வாயத் தொறங்களேன், பல்லு விளக்க மட்டுமா அது இருக்கு?" என்று வழி நெடுக எங்களைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

மஸ்கெலியா பேக்கரியில் நேற்றுச் சுட்ட பாண் ரொட்டியை எடுத்து நீட்டினால் அவள் கை நீளாது. கோயிலில் பூசாரி திருநீற்றுத் தட்டோடு தாண்டிப் போனால், "சாமி, இங்க ஒரு ஆளு நிக்குது" என்பாள். சாமிக்கும் பூசாரிக்கும் சேர்த்துச் சொல்வது போலத்தான் இருக்கும்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவள் கோபிக்கமாட்டாள். "எழுதுக்கா, தடிச்ச எழுத்துல எழுது" என்பாள். ஆனால் அவளுக்கு வந்த நோயோடு அதே மலைகளில் மூச்சுக் காட்டாமல் இருக்கிற பெண்கள் இருக்கிறார்கள். ஒரு பெயர் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த பெயரைத் தேடிப் போகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களுக்கு நான் தீனி போடமாட்டேன்.

நாங்கள் இருவரும் மேட்டு லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பரா, ஒரே வரிசையில் ஒட்டிய அறைகள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். அவள் புருசன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் புதுச் சட்டையோடு வருவான், லயத்துப் பிள்ளைகளுக்கு டொஃபி கொடுப்பான், போவான். நல்லவன் என்றுதான் எல்லோரும் சொன்னோம். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பொங்கலுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. எலும்பும் தோலுமாக இருந்தான். அல்சர் என்றார்கள். பிறகு செய்வினை என்று சொல்லி, ஒரு மந்திரவாதியைக் கூட்டிவந்து கோழி அறுத்தார்கள். கடைசியில் பெரியாஸ்பத்திரியில்தான் உண்மை தெரிந்தது. அவளுக்கும் இரத்தம் எடுத்தார்கள். அவளுக்கும் இருந்தது.

லயத்துக் காம்பராச் சுவர் கூரை வரைக்கும் ஏறாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் தண்ணீர் எடுத்து வைப்பார்கள். அதனால் அவள் அவனைக் கேட்டது என் காதிலும் விழுந்தது. "எங்க வாங்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டாள். அவன் அழுதான். "சரி, அழுவாதீங்க. கேக்கணும்னு தோணுச்சு, கேட்டுட்டேன். கஞ்சியக் குடிங்க" என்றாள்.

அவன் போகும் வரைக்கும் அவள்தான் குளிப்பாட்டினாள், அவள்தான் துணி துவைத்தாள். அவன் தாயும் அண்ணன்களும் வாசலோடு நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு அந்த மனிதன் மேல் இருக்கிற ஆத்திரம் இன்றைக்கும் தீரவில்லை. அவளுக்குத் தீர்ந்துவிட்டது. "செத்தவனோட சண்டை போட்டா யாருக்கா பதில் சொல்லுவா?" என்பாள்.

அதன்பிறகு அவள் மாதாமாதம் தூரத்து டவுனில் இருந்த கிளினிக்குக்குப் போய்வந்தாள். முதல் பஸ்ஸுக்குப் போனால் திரும்ப இருட்டிவிடும். போகிற அன்றைக்கு நல்ல சேலை கட்டி, பவுடர் போட்டு, தலையில் ஒரு பூவும் வைத்துக்கொள்வாள். "ஆஸ்பத்திரிக்கு எதுக்குடி பூவு?" என்று கேட்டேன். "நான் போறேன்ல" என்றாள்.

தாலி அறுத்தவள், பூ வைத்துக்கொண்டு, மாதாமாதம் பஸ் ஏறிப் போகிறாள். லயத்துக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? டவுனில் ஒருத்தன் வைத்திருக்கிறான் என்றார்கள். கருக்கலைக்கப் போகிறாள் என்றும் ஒரு கதை. மாதாமாதமா கலைப்பார்கள்? கொஞ்சமாவது கணக்கு வேண்டாமா?

இந்தப் பேச்செல்லாம் நடக்கிற இடம் பீலி. மலையிலிருந்து வருகிற தண்ணீர் குழாய் வழியாக விழுகிற இடம் அது. குளிப்பதும் குடிநீர் பிடிப்பதும் அங்கேதான், ஊர் வம்பும் அங்கேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் குடத்தோடு நின்றோம். அவள் படியிறங்கி வருவது தெரிந்ததும் பேச்சு நின்றது. நின்ற விதத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. குடத்தைக் கல்லில் வைத்தாள்.

"இந்தா எல்லாரும் கேளுங்க. எனக்கு எய்ட்ஸ்னு சொல்றாங்களே, அந்த நோயோட கிருமி இருக்கு. எம் புருசன் குடுத்துட்டுப் போனது. மருந்து வாங்கத்தான் மாசாமாசம் போறேன். இனி யாருக்கு என்னா கேக்கணுமோ எம் மூஞ்சியப் பாத்துக் கேளுங்க. தெரிஞ்சா சொல்றேன். தெரியலன்னா டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்."

பாதி நிறைந்த குடத்தை ஒருத்தி எடுத்து இடுப்பில் வைத்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் பீலியில் நாங்கள் இருவர் மட்டும்தான் நின்றோம். அவள் குடத்தைத் தண்ணீருக்கு நேராகத் தள்ளி வைத்தாள். "நல்லதாப் போச்சு, வரிசை இல்ல" என்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"ஏன்டி இப்படிப் போட்டு ஒடைச்ச?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"ஒளிச்சு வச்சா நோயையும் பாக்கணும், ஒளிச்ச எடத்தையும் பாத்துக்கிட்டே இருக்கணும். எனக்கு மலையில வேலை இருக்குக்கா."

ஆனால் மலையிலும் விடவில்லை. தொட்டால் வருமா, தண்ணீரில் வருமா என்றெல்லாம் மற்ற ஊர்க்காரர்கள் பயப்படுவார்கள். எங்கள் ஆட்கள் பயந்தது அட்டைக்கு. தேயிலைச் செடிக்குள் நிற்கிறவளுக்கு அட்டை கடிக்காத நாள் கிடையாது. காலில் சவர்க்காரம் தேய்த்துப் போனாலும் எங்கேயாவது ஒன்று ஏறிவிடும். அவளைக் கடித்த அட்டை எங்களையும் வந்து கடித்தால்? அடுத்த நாளே பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், பெண்கள் கங்காணியைச் சுற்றிக்கொண்டார்கள். அவள் பக்கத்து நிரையில் நாங்கள் நிற்கமாட்டோம் என்றார்கள்.

கங்காணி நல்ல மனிதர்தான். சத்தம் என்றால் அவருக்கு ஆகாது, அவ்வளவுதான். "இந்தா புள்ள, கொஞ்ச நாளைக்கு நீ காட்டோரத்து நிரைய எடுத்துக்க" என்றார். காட்டோரம் என்றால் வெயில் விழாத இடம். அட்டைகளுக்கே தலைமை ஆபீஸ் அங்கேதான். அட்டைக்குப் பயந்து அவளை அட்டைகளிடமே அனுப்பிவைத்தார்கள்.

அவள் அந்த மாதம் முழுவதும் காட்டோரத்தில் கொழுந்து எடுத்தாள். கிளினிக்குக்குப் போய்வந்த மறுநாள் காலையில், நேராக எங்கள் நடுவில் வந்து நின்றாள்.

"டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன். அட்டையால யாருக்கும் இது வந்ததே கெடையாதாம். சிரிச்சுட்டாங்க. எனக்குத்தான் அவமானமா போச்சு, இப்படி ஒரு கேள்வியக் கொண்டு போனதுக்கு" என்றாள். யாரும் நகரவில்லை, யாரும் கொழுந்தும் எடுக்கவில்லை. "டாக்டர நம்பலையா? சரி, ஒங்களையே கேக்குறேன். எம் புருசன் எத்தனை வருசத்துக்கு முன்னாடி வாங்கிட்டு வந்தானோ. அன்னைலருந்து நான் இதே மலையிலதான நிக்கிறேன்? என்னையக் கடிச்ச அட்டை ஒங்களைக் கடிக்காமயா இருந்துச்சு? யாருக்காவது வந்துச்சா? சொல்லுங்க."

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. நியாயமான கேள்விக்கு எங்கள் ஆட்களிடம் ஒரே பதில்தான், மூஞ்சியைத் திருப்பிக்கொள்வது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. கூடையைத் தூக்கிக்கொண்டு போய் அவளுக்கு அடுத்த நிரையில் நின்றேன். "கங்காணியாரே, எனக்கு இந்த நிரை" என்றேன். அன்று மாலை என் புருசன் குதித்தார். "நீங்க தவறணையில யாரு யாரு எச்சில் கிளாசுல சாராயம் குடிக்கிறீங்கன்னு நான் கேட்டேனா?" என்றேன். அதோடு அடங்கினார்.

கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களும் பக்கத்தில் வந்தார்கள். அன்பினால் இல்லை. நிரையை விட்டுவிட்டு எத்தனை நாளைக்குத்தான் ஒதுங்கி நிற்பது, கொழுந்து முற்றிவிடாதா?

எப்போதும் இப்படிச் சண்டைக்காரியாக இருந்தாள் என்று நினைக்காதீர்கள். ஒருமுறை அவள் அழுததைப் பார்த்திருக்கிறேன். பணிய லயத்தில், எங்களுக்குக் கீழே இருக்கிற வரிசையில், ஒரு பிள்ளை பெரியவளாகி சடங்கு வைத்தார்கள். சொந்தக்காரி என்பதால் அவளைக் கூப்பிட்டேயாக வேண்டும். கூப்பிட்டார்கள். பந்தியில் எல்லோருக்கும் வாழையிலை போட்டு, அவளுக்கு மட்டும் சோற்றைப் பொட்டலமாகக் கட்டி வாசலிலேயே கொடுத்தார்கள். அவள் பொட்டலத்தை அங்கேயே திண்ணையில் வைத்துவிட்டு, "எனக்கும் எலை போடுங்க" என்று கேட்டாள். இலை போட்டார்கள். உட்கார்ந்து, பாயாசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தாள். ஆனால் அவள் இரண்டு பக்கமும் இடம் காலியாகவே கிடந்தது.

வீட்டுக்கு வந்து என் காம்பராப் படியில் உட்கார்ந்தாள்.

"யாராச்சும் என்னையத் தொட்டு எவ்ளோ நாளாச்சு தெரியுமாக்கா?" என்றாள். "கிளினிக்குல நர்ஸ் மிஸ்ஸி ஊசி போடத் தொடுவாங்க. அதுவும் கையுறை போட்டுக்கிட்டு. அடிக்கிறதுக்குக்கூட ஒருத்தரும் இல்ல."

பிறகு அழுதாள். அழுவதிலும் குரலை அடக்கவில்லை, வாய்விட்டு அழுதாள். நான் தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து அவள் தலையை என் மடியில் சாய்த்து எண்ணெய் வைத்தேன். எனக்கும் கண்ணீர் நிற்கவில்லை. அவள் தலையை வைத்துக்கொண்டு நான் இந்த உலகத்தையே திட்டினேன். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் எண்ணெய் வைப்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

அந்த மாதம் கிளினிக்குக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அப்போதுதான் அவளுக்கு அந்த நோய்க்கான புது மருந்தைக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். தலைசுற்றலும் கண்டபடி கனவும் வரும். "கனவுல தோட்டத்துத் தொரை எனக்குக் கொழுந்து எடுத்துக் குடுத்தாருக்கா. ஒழுங்காவே எடுக்கத் தெரியல, முத்தலும் இளசுமா போடுறாரு" என்பாள். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். டாக்டரம்மா சிங்களப் பெண். எங்களுக்குச் சிங்களம் கடை கண்ணிக்குப் போதும், உடம்பு விஷயம் பேச வராது. யாழ்ப்பாணத்து மிஸ்ஸி ஒருவர் பக்கத்தில் இருந்து மொழிபெயர்ப்பார்.

அவள் கனவைச் சொன்னாள், தலைசுற்றலைச் சொன்னாள். பிறகு, "மிஸ்ஸி, இன்னொண்ணு கேக்கணும். எனக்கு ஆம்பளை நெனப்பு வருது. அதுக்கு என்னா செய்யணும்?" என்றாள்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். மிஸ்ஸி வயதானவர், கழுத்தில் உருத்திராட்சம். அவர் அதை டாக்டரிடம் சொல்லவேயில்லை. "இனி உதெல்லாம் என்னத்துக்கு அம்மா? மனசை அடக்கிக்கொண்டு கோயில் குளம் எண்டு இருங்கோ" என்றார்.

"நோயி வந்தது ரத்தத்துலதானே மிஸ்ஸி? ஆசைய யாரு எடுத்தா? டாக்டரம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க. அவங்க வேணாம்னு சொன்னா அப்புறம் பாப்போம்."

மிஸ்ஸி வேறு வழியில்லாமல் கேட்டார். டாக்டரம்மா சிரிக்கவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார். அதை எங்களுக்குத் தமிழில் சொல்ல மிஸ்ஸி பட்ட பாடு கொஞ்சமல்ல. "டொக்டர் சொல்லுறா… மருந்தை ஒழுங்கா எடுத்தா… ஒவ்வொரு முறையும் உறை போட்டா… வாற ஆளுக்கு முதலே எல்லாத்தையும் சொல்லி, அவரும் ஓம் எண்டா… குடும்பம் நடத்தலாமாம். அது பிழையில்லையாம்."

"கடைசில சொன்னத இன்னொரு தரம் சொல்லுங்க மிஸ்ஸி. அக்காவுக்குக் கேக்கல."

எனக்கு நன்றாகவே கேட்டிருந்தது. மிஸ்ஸி இன்னொரு தரம் சொன்னார். இந்த முறை அவர் உதட்டில் சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பி வருகிற பஸ்ஸில், "ஆளே இல்லாம எதுக்குடி கேட்ட?" என்றேன். "ஆளு வந்தப்புறம் கேட்டா, அவனுக்காகக் கேட்ட மாதிரி இருக்கும். எனக்காகக் கேட்டேன்" என்றாள்.

ஆள் வந்தது அடுத்த மாசியில். எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரிப்பார், ரதி விழுந்து புரண்டு அழுவாள், கடைசியில் சிவனிடம் போய்ப் புருசனைத் திரும்பக் கேட்டு வாங்குவாள். ரதி வேஷம் ஆண்தான் கட்டுவது. எங்கள் தோட்டத்து ரதி, தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிற ஒருவர். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவர். பெண் வேஷம் கட்டுகிறவன் என்று பெண் கொடுக்கத் தயங்கினார்கள். வேஷம் கட்டினால் கல்லையும் அழவைப்பார். வேஷத்தைக் கழற்றினால் வாயில் வார்த்தை வராது.

கூத்து முடிந்த மறுநாள் காலை பெரட்டுக்குப் போகிற வழியில் அவரை நிறுத்தினாள்.

"நேத்து அழுதது நல்லா இருந்துச்சுங்க. ஆனா சிவங்கிட்ட வரம் கேக்குற எடத்துல எதுக்குக் கெஞ்சுறீங்க? எரிச்சது அவரு. குடுக்க வேண்டியதும் அவரு. ரதி அவ புருசனத்தான கேக்குறா, அடுத்தவ புருசனையா கேக்குறா?"

அவர் திகைத்துப்போனார். யோசித்தார். "சரிதாங்க" என்றார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நான் அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

அதன்பிறகு ஸ்டோர் விட்டு வருகிற வழியில் அவள் வாசலில் ஒரு விறகுக் கட்டு இறங்கும். பிறகு விறகோடு அவரும் நின்றார். பிறகு உள்ளே தேத்தண்ணி குடிக்கிற சத்தம் கேட்டது. நான் ஒட்டுக் கேட்கவில்லை. சுவர்தான் கூரைக்கு ஏறவில்லை என்று சொன்னேனே!

"எனக்கு என்னா இருக்குன்னு தெரியும்ல?" என்று அவள் கேட்டாள்.

"தோட்டத்துக்கே தெரியுங்களே."

"பயமா இல்லையா?"

"இருக்கு" என்றார். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "அதான், அந்த டாக்டரம்மாகிட்ட என்னையும் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லலாம்னு வந்தேன்" என்றார்.

பயம் இல்லை என்று சொல்லியிருந்தால் நானே விறகுக் கட்டையால் அடித்துத் துரத்தியிருப்பேன். அவளும் நம்பியிருக்கமாட்டாள். இருவரும் போனார்கள். அவர் இரத்தத்தைச் சோதித்தார்கள், ஒன்றுமில்லை. மிஸ்ஸி மறுபடியும் எல்லாவற்றையும் தமிழில் சொன்னாராம், இந்த முறை திக்காமல்.

உறை கிளினிக்கிலேயே கொடுப்பார்கள். ஒருமுறை தீர்ந்துவிட்டது. ஹட்டனுக்குச் சாமான் வாங்கப் போனவள் நேராக பாமசி மருந்துக் கடைக்குள் நுழைந்தாள். உள்ளே நல்ல கூட்டம். நான் வெளியே நின்றுகொள்கிறேன் என்றேன், விடவில்லை. அவள் கேட்ட கேட்பில் கடையே திரும்பிப் பார்த்தது. கடைக்காரப் பையன் காது சிவக்க, ஒரு பெட்டியை எடுத்துப் பத்திரிகைத் தாளில் சுற்றி, அதன்மேல் இன்னொரு தாளையும் சுற்றினான்.

"எதுக்குத் தம்பி இவ்ளோ சுத்துறீங்க? நான் என்னா பஸ்ஸுல கருவாடா கொண்டு போறேன்?" என்றாள். கடையில் ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். வெளியே வந்து பஸ் நிலையம் வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்தோம். அந்த வருஷம் அவள் முகத்தில் சதை பிடித்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சினிமாப் பாட்டுக் கேட்டது. அவள் சந்தோஷமாக இருந்தாள்.

பொறுக்குமா? அவருடைய அண்ணன் கோயில் தலைவரிடம் போய் நின்றார். ஞாயிறு பகலில் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். ஆண்கள் எல்லாம் விரிப்பில். பெண்கள் நாங்கள் மதிலோரம். அவளையும் அவரையும் நடுவில் நிறுத்தினார்கள்.

"நாங்க ஒன்னைய வெரட்டல" என்று தலைவர் தொடங்கினார். "நோயி வந்த பொம்பளை, பாவம். ஆனா அவன விட்டுறணும். இல்லன்னா ஒங்க ரெண்டு பேருகிட்டயும் கோயில் வரி வாங்கமாட்டோம். நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. அவன் இனிமே ரதி கட்டவும் முடியாது."

கோயில் வரி வாங்கவில்லை என்றால் அந்த ஆள் தோட்டத்தில் இருந்தும் இல்லாதவன். செத்தால் தூக்க நாலு பேர் கிடைக்கமாட்டார்கள்.

"தலைவரே, நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றாள்.

"கேளு."

"எம் புருசன் கொழும்புல எங்க போனாரு, யாருகிட்ட போனாருன்னு அவருக்கு ஒரு கூட்டம் போட்டீங்களா? போடல. செத்தப்போ தப்பு அடிச்சு, மாலை போட்டு, நல்லபடியா கொண்டு போயி பொதைச்சீங்க. அவரு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நான் இந்த மனுசங்கிட்ட எல்லாத்தையும் சொல்லி, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி, அவருக்கு ஒண்ணும் வந்துறக்கூடாதுன்னு பாத்துப் பாத்து நடந்துக்குறேன். சொல்லாம குடுத்தவனுக்கு மாலை. சொல்லிட்டு வாழுறவளுக்குக் கூட்டமா?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் சரி. நோயோட இருக்குற பொம்பளைக்கு இது என்னா கேக்குதுங்குறேன்?"

"பசி கேக்குதுங்க தலைவரே. ஒங்க வீட்டுல கேக்குறது இல்லையா?"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. தலைவரின் மனைவிதான் முதலில் சிரித்தார் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். தலைவர் முகம் கறுத்தது. "டேய், நீ சொல்லுடா" என்று ரதி கட்டுகிறவர் பக்கம் திரும்பினார். அண்ணன் அவர் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

அவளும் திரும்பினாள். அவ்வளவு நேரமும் நிமிர்ந்து நின்றவள், அவரிடம் கேட்கும்போது மட்டும் சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள். "நானும் கேக்குறேங்க. வேணாம்னா இங்கயே சொல்லிருங்க, நான் கோவிச்சுக்கமாட்டேன். வேணுமா வேணாமா?"

அந்த மனிதர் தரையைப் பார்த்தார். கோயிலைப் பார்த்தார். வேஷம் இல்லாமல் பத்துப் பேர் முன்னால் வாய் திறந்ததே இல்லாதவர். இப்போது சொல்லாமல் போனால் அவள் செத்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது, நோயினால் அல்ல. அண்ணன் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டார்.

"வேணும்" என்றார்.

அவ்வளவுதான். கூட்டம் முடிந்தது. சொன்னபடியே வரி வாங்கவில்லை. அடுத்த மாசிக்கு வேறொருவர் ரதி கட்டினார். ஒருவர் கண்ணிலும் ஒரு சொட்டு வரவில்லை, எனக்குப் பரம திருப்தி. அவர்கள் இருவரும் நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டத்தில் வேலை தேடிக்கொண்டு போனார்கள். போகிற அன்றைக்கு, பீலியிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் ஒருத்தி என் வாசலுக்கு வந்தாள். அவள் புருசனும் கொழும்பில். கிளினிக்குக்கு எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று மெதுவாகக் கேட்டாள். நானே கூட்டிக்கொண்டு போனேன்.

இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும், முடித்ததும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "எப்ப செத்தாங்க?" என்று கேட்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் சாக வேண்டும்? நோய் வந்த பெண் என்றால் கதை முடிவில் செத்துத்தான் ஆக வேண்டுமா? நீங்கள் அழுவதற்கு அவள் செத்துக் கொடுக்க வேண்டுமா?

நான் இப்போது மகளோடு கொட்டகலையில் இருக்கிறேன். போன வருஷம் நுவரெலியாவிலிருந்து திரும்ப பஸ் ஏறினேன். உட்கார இடம் தேடுகிறேன், பின்னால் இருந்து "அக்கோவ்!" என்று ஒரு கத்தல். டிரைவரே திரும்பிப் பார்த்தார். அவள்தான். தலை பாதி நரைத்து, நன்றாகப் பெருத்திருந்தாள். பக்கத்தில் அவர், மடியில் லீக்ஸ் கட்டோடு. அவருக்கு இன்றுவரைக்கும் ஒன்றுமில்லை, வருஷாவருஷம் சோதித்துப் பார்க்கிறார்கள். என்னை நடுவில் நெருக்கி உட்காரவைத்துக் கட்டிக்கொண்டாள்.

"எப்படிடி இருக்க?" என்றேன். உடம்பைத்தான் கேட்டேன்.

"எங்கக்கா, தூக்கமே இல்ல" என்றாள். நான் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். "இந்தாளு போடுற கொறட்டை இருக்கே, அப்பப்பா! காதுக்குள்ளயே லொறி ஏறுது. திரும்பிப் படுங்கன்னா திரும்பி அதைவிட ஜோரா போடுறாரு."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். முன் சீட்டுக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப நீ கொஞ்சம் தள்ளிப் படுத்துக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"நான் எதுக்குத் தள்ளிப் படுக்கணும்?" என்று கேட்டாள், பஸ் முழுக்கக் கேட்கும்படி.